கப்பலில் சமையல் வகுப்பு: அம்மாவைச் சேர்த்துவிடலாமா?

சிறுவாணித்தண்ணீர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் நானும் அம்மாவும் பார்சலோனாவில் ஏறி ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்குகிற பத்து நாள் கப்பல் பயணம் போகிறோம். ஓஷியானியா நிறுவனத்தின் மரீனா கப்பல். அப்பா போன பிறகு அம்மா எங்கேயும் வெளியூர் வந்ததில்லை, இதற்கே ஒரு வருடம் பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தேன். அந்தக் கப்பலில் சமையல் வகுப்பு நடக்கிறதாம், வெறுமனே உட்கார்ந்து பார்ப்பது இல்லை, நாமே நின்று செய்ய வேண்டுமாம். பார்த்த உடனே அம்மா ஞாபகம்தான் வந்தது, ஊரில் யார் வீட்டில் புதிதாக ஒன்று சாப்பிட்டாலும் அடுப்படிக்குள் போய் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்.

தயக்கம் எனக்கு மூன்று. ஒருவருக்கு 89 டாலர் சொல்கிறார்கள், இரண்டு பேருக்கு நம் பணத்தில் 15,000 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. அம்மாவுக்கு 67 வயது, ஆங்கிலம் தெரியாது, சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மூன்றாவது என் தம்பி சொன்னது, அதுதான் மனசைக் குடைகிறது: நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவரை விடுமுறைக்குக் கூட்டிப்போய் அங்கேயும் அடுப்பு முன்னால் நிறுத்துவாயா என்று கேட்டுவிட்டான். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கடல்காற்று எழுதியது:

தோழி, நானும் என் கணவரும் அதே நிறுவனத்தின் ரிவியேரா கப்பலில் இரண்டு வகுப்பு எடுத்தோம். மரீனாவும் ரிவியேராவும் அக்கா தங்கை மாதிரி, ஒன்று 2011-இல் வந்தது, இன்னொன்று 2012-இல், சமையல் கூடம் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு வகுப்புக்கு 24 பேர், ஒரு மேடைக்கு இரண்டு பேர் என்று பிரித்து நிற்க வைப்பார்கள், ஆளுக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, பக்கத்திலேயே கழுவும் தொட்டி. ஆசிரியர் முன்னால் ஒரு கட்டம் செய்து காட்டுவார், நாம் போய்ச் சுற்றி நின்று பார்த்து, ஒரு வாய் ருசி பார்த்து, திரும்பி நம் மேடைக்கு வந்து அதையே செய்வோம். அப்புறம் அடுத்த கட்டம். இப்படி இரண்டு மணி நேரம்.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்வேன். எங்கள் பக்கத்து மேடையில் ஒரு ஜப்பானியத் தம்பதி, அவர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் வகுப்பிலேயே அழகாகப் பாஸ்தா இழுத்தது அவர்கள்தான். கண் பார்த்தால் கை செய்துவிடும் வேலை இது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேடையில்தான் நிற்கப்போகிறீர்கள், காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே போகலாம்.

உங்கள் தம்பி கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் அவர் நினைக்கிற அடுப்படி வேறு, இது வேறு. வெங்காயம் உரித்து, பூண்டு நசுக்கி, எண்ணெய் இத்தனை மில்லி என்று அளந்து, சின்னச் சின்னக் கிண்ணங்களில் எல்லாம் தயாராக இருக்கும். பயன்படுத்திய பாத்திரத்தை உதவியாளர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார், நான் பழக்க தோஷத்தில் தொட்டியில் கழுவப் போனேன், கையிலிருந்து வாங்கிக்கொண்டு சிரித்தார் அந்தப் பெண். முக்கியமாக, அந்தச் சாப்பாட்டுக்காக யாரும் காத்துக்கொண்டு இருக்கவில்லை, உப்பு கூடினாலும் குறைந்தாலும் கேட்க ஆள் இல்லை. வீட்டில் சமைக்கும்போது ஒரு பெண்ணுக்கு அந்த நிம்மதி எப்போது கிடைத்திருக்கிறது? என் மாமியாரை அழைத்துப் போகாமல் விட்டேனே என்று இன்று வரை எனக்கு வருத்தம்.

முன்பதிவு மட்டும் உடனே செய்யுங்கள். கப்பலில் 1,200-க்கு மேல் பயணிகள், வகுப்பில் 24 இடம், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் எங்கும் நிற்காமல் கடலிலேயே ஓடுகிற நாள் வகுப்புகள் முதலில் நிரம்பிவிடும். கூடம் மேல் தளத்தில் இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் தெரியும், அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டு என்றால் துறைமுகத்தில் நிற்கிற நாளில் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பில் ஒயின் ஊற்றுவார்கள், வேண்டாம் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நடைவண்டி எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். "சமையல் வகுப்பு" என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நான் போன ஒரு கப்பலில் (பெயர் வேண்டாம்) வகுப்பு என்று போட்டிருந்தார்கள், போனால் நாற்காலி போட்டு அறுபது பேர், மேடையில் ஒருவர் சமைக்கிறார், நமக்கு ஒரு கரண்டி ருசி, அவ்வளவுதான். என் மகள் ஏப்ரன் கட்டிக்கொள்ள ஆசையாக வந்தாள், ஒரு தக்காளியைக்கூடத் தொடாமல் திரும்பினாள், அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் யார் பதிவு செய்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கையால் செய்வதா, கண்ணால் பார்ப்பதா? மரீனாவில் கையால்தான் என்று கடல்காற்று சொல்லிவிட்டதால் அந்தப் பயம் உங்களுக்கு இல்லை. ரீஜென்ட் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் கப்பலிலும் 18 பேருக்குத் தனித்தனி மேடை உண்டு என்பதை வேறு யாராவது தேடினால் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் என் கருத்து, மத்தியதரைக்கடல் பக்கம் போகிறவர்கள் சமையலைக் கரையில் கற்றுக்கொள்வதுதான் மேல். இத்தாலியில் பாரி என்று ஒரு துறைமுகம், பழைய நகரத்துக் கோட்டைக்கு எதிர்ச் சந்தில் வீட்டு வாசலிலேயே பலகை போட்டு உட்கார்ந்து ஒரெக்கியெத்தே என்கிற பாஸ்தாவை உருட்டுகிற பாட்டிகளைப் பார்க்கலாம். ரவை மாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் மட்டும்தான், முட்டையே கிடையாது. சின்ன உருண்டையைக் கத்தி முனையால் இழுத்து, கட்டை விரலில் கவிழ்த்தால் குட்டிக் காது மாதிரி வரும், பெயருக்கு அர்த்தமும் அதுதான். நான் அரை மணி நேரம் நின்றேன், ஒரு பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். அந்த வாசனையும் அந்தச் சந்தும் கப்பலின் பளபளப்புக் கூடத்தில் வராது.

கடல்காற்று எழுதியது:

நடைவண்டி அண்ணா, நீங்கள் சொல்வது எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் இவர்கள் பயணத்தில் பாரி இருக்கிறதா என்று தெரியவில்லை. கப்பல் காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்பும் நாளில், ரோம் என்று பெயர் போட்டிருந்தாலும் இறங்குவது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில், அங்கிருந்து ரோமுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். 67 வயதுக்காரரை இழுத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு வகுப்பைத் தேடிப் பிடித்து, கப்பல் போய்விடுமோ என்று கடிகாரம் பார்த்துக்கொண்டு மாவு பிசைவதா? வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. சில துறைமுகங்களில் சமையல் ஆசிரியரே கூட்டிக்கொண்டு போய்ச் சந்தையைச் சுற்றிக் காட்டி, திரும்பிக் கப்பலுக்கு வந்து சமைக்க வைக்கிற பயணம் உண்டு. விலை கூடுதல்தான். பார்சலோனாவில் முந்தின நாளே இறங்குவதாக இருந்தால் போக்கரியா சந்தைக்கு நீங்களே போகலாம், லா ராம்ப்ளா சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. காலையிலேயே போங்கள், மதியம் கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியாது.

அடுப்படிமாலுமி எழுதியது:

நான் தூத்துக்குடிக்காரன், பயணிகள் கப்பல் சமையல்கட்டில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் அடுப்பு. கடலில் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் புயல் இல்லை, தீ. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது, நாங்களேதான் அணைக்க வேண்டும், அதனால் நான் வேலை பார்த்த கப்பல் எதிலும் காஸ் அடுப்பே கிடையாது, எல்லாம் மின்சாரம். எண்ணெய்ச் சட்டிக்குச் சர்வதேசச் சட்டத்திலேயே தனி விதி இருக்கிறது, வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஒன்றுக்கு இரண்டு கருவி, தீப்பிடித்தால் அணைக்கப் பக்கத்திலேயே நிரந்தர ஏற்பாடு. அதனால் வகுப்பில் வடை பஜ்ஜி மாதிரி பொரிக்கிற வேலையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தீயைப் பார்த்தே பழகிய கைக்கு இண்டக்‌ஷன் முதலில் குழப்பும், சட்டி நொடியில் சூடாகிவிடும், நம் ஊர் அடுப்பு என்று நினைத்து எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பினால் புகைந்துவிடும். சூட்டைப் பாதி எண்ணில் வைத்தே தொடங்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா? இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் இண்டக்‌ஷன் பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள், இரண்டடி தள்ளி நிற்கச் சொல்வார்கள்.

அடுத்தது கை கழுவுவது. வகுப்புக்குள் நுழைந்தவுடன் கழுவச் சொல்வார்கள், சோப்புப் போட்டு இருபது நொடி, அதைச் சடங்காக நினைக்க வேண்டாம். கப்பலில் வாந்திபேதி பரப்புகிற நோரோ வைரஸ் வாசலில் வைத்திருக்கிற கை ஜெல்லுக்குச் சரியாகச் சாகாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். எங்களில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால், நின்ற பிறகும் 48 மணி நேரம் சாப்பாட்டுப் பக்கம் வரவிட மாட்டார்கள். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகிற கப்பல்களை அந்நாட்டுச் சுகாதாரத் துறை முன்னறிவிப்பில்லாமல் வந்து சோதிக்கும், நூற்றுக்கு மதிப்பெண், 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி, மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டும் விடுவார்கள். சோதனை என்று குரல் கேட்டால் எங்கள் வயிற்றில் புளி கரைக்கும், ஆனால் அந்தப் பயம்தான் ஆயிரம் பேர் வயிற்றைக் காப்பாற்றியது. குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 57-க்கு மேலே, நடுவில் எதுவும் நிற்கக் கூடாது. வெட்டும் பலகைக்கு நிறம் உண்டு, நாங்கள் வைத்திருந்தது இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை. சைவக்காரர் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தனிப் பலகை, தனிக் கத்தி வைப்பது எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, ஆனால் வகுப்பு தொடங்கிய பிறகு சொன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம்.

சேலையில் வருவார் என்றால் வரட்டும், முந்தானையைச் செருகி ஏப்ரன் கட்டினால் போதும். செருப்பு மட்டும் கால் விரல் மூடியதாக இருக்கட்டும், கத்தி விழுந்தால் காலில்தான் விழும்.

சுத்தசைவம் எழுதியது:

சகோதரி, முட்டையை மட்டும் சொன்னால் போதாது, பாலாடைக்கட்டியையும் சொல்லுங்கள். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் (பாலைத் திரைய வைக்கும் பொருள்) சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்பது அவர்கள் விதி, பெக்கோரினோ ரொமானோ ஆட்டுக்குட்டி ரென்னட். அதைப் பால் பொருள் என்று நினைத்துச் சைவத் தட்டில் தாராளமாகத் துருவிப் போடுவார்கள், போடுகிறவர் மேல் தப்பில்லை, அவர்கள் கணக்கில் அது சைவம். உங்கள் அம்மாவுக்கு இது முக்கியம் என்றால் "விலங்கு ரென்னட் வேண்டாம்" என்று அப்படியே எழுதுங்கள். சாறு எதில் கொதித்தது என்றும் கேளுங்கள், ரிசோட்டோ என்கிற இத்தாலிய அரிசிச் சாப்பாட்டுக்குக் கோழிச்சாறு ஊற்றுவது சாதாரணம்.

கிரேக்கப் பக்கம் போகும்போது ஒரு சொல் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நிஸ்திசிமா. அவர்கள் விரத நாளில் சாப்பிடுவது, இறைச்சி, பால், முட்டை மூன்றும் இருக்காது, ஏராளமான வகை உண்டு. ஆனால் விரதத்திலும் கணவாய், இறால் சாப்பிடுவார்கள், அதனால் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் கடல் பொருளும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சாண்டோரினித் தீவில் ஃபாவா என்று கிடைக்கும், அங்கே விளையும் ஒரு மஞ்சள் பருப்பு, வேகவைத்து மசித்து ஆலிவ் எண்ணெய், வெங்காயம், எலுமிச்சை. நான் நான்கு நாள் அதை வைத்தே ஓட்டினேன், நன்றாக ஓட்டினேன்.

சிறுவாணித்தண்ணீர் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று ராத்திரி அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், தம்பி சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாத்திரம் அவங்க கழுவிடுவாங்களா?" என்று ஒரே கேள்வி. பதிவு செய்துவிட்டேன். பாஸ்தா ஒன்று, கிரேக்கச் சமையல் ஒன்று. கேக் வகுப்பு முழுக்க முட்டையாக இருந்ததால் அதை விட்டுவிட்டோம். முட்டை, இறைச்சி, மீன், விலங்கு ரென்னட் நான்கையும் வரிசையாக எழுதி அனுப்பினேன், மாற்று ஏற்பாடு செய்வதாகப் பதிலும் வந்துவிட்டது. பேஸ்மேக்கர் எதுவும் இல்லை, கேட்டதற்கு நன்றி அண்ணா.

சிறுவாணித்தண்ணீர் எழுதியது (ஜூன்):

போய் வந்துவிட்டோம். சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

பாஸ்தா வகுப்பில் மற்றவர்களுக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, எங்கள் மேடையில் மட்டும் ரவை மாவும் தண்ணீரும். முதல் பத்து நிமிடம் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் சொல்வதை மட்டும் செய்தார். நான் வேறு அடுப்பை அதிகமாக வைத்து முதல் ஈடு பூண்டைக் கருக்கிவிட்டேன், மாலுமி அண்ணன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாவு பிசையத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. பூரி மாவைவிட இறுக்கமான மாவு, எனக்கு மணிக்கட்டு வலித்தது, அம்மா உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் திருப்பித் தள்ளித் திருப்பி, ஆசிரியர் வந்து பார்த்து ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அரை மணி நேரம் மூடி வைக்கச் சொன்னபோது அம்மா முன்னாடியே துணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிரேக்க வகுப்பில் கீரைப் பை செய்தோம். ஃபிலோ என்று காகிதம் மாதிரித் தாள், காற்றுப் பட்டால் காய்ந்து நொறுங்கிவிடும், ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். "கொழுக்கட்டை மாவுக்குப் போடற மாதிரிதான்" என்றார். மற்றவர்களுக்கு முட்டையும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும், எங்களுக்கு விரதக்காரர்கள் செய்கிற மாதிரி கீரை, வெங்காயத்தாள், சதகுப்பை இலை மட்டும். எண்ணெய் தடவித் தடவி அடுக்கினோம். சதகுப்பையைப் பிரசவ மருந்தாகத்தான் அம்மாவுக்குத் தெரியும், அதன் இலையை இப்படிக் கைநிறையப் போடுவதைப் பார்த்து இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் சேர்த்தார். ஃபாவாவும் இருந்தது. சாண்டோரினியில் படகில் கரைக்குப் போய், கேபிள் காரில் ஏறி, மேலே ஒரு கடையில் மறுபடி அதையே வாங்கிச் சாப்பிட்டோம், கப்பலில் செய்ததில் எலுமிச்சை குறைவு என்று அம்மாவின் தீர்ப்பு.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு ஒன்று. நாற்பது வருடமாகக் கைக்கணக்கில் சமைத்தவர், அங்கே எல்லாவற்றையும் கிராமில் எடை போட்டதைப் பார்த்துச் சலித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்து கொடுத்த குறிப்புத் தாளை அறைக்கு எடுத்துவந்து, எண்களை மட்டும் என்னை வாசிக்கச் சொல்லித் தன் டைரியில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் கிராஸ்கட் ரோட்டில் ஒரு சின்ன மின் தராசு வாங்கியாகிவிட்டது. இப்போது இட்லிக்கு அரிசியும் உளுந்தும் தன் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, எத்தனை கிராம் வந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டிருக்கிறார், எனக்குக் கொடுப்பதற்காக.

அடுப்படிமாலுமி எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி. அம்மாவின் இட்லிக் கணக்கு முழுசாக வந்ததும் இங்கேயும் போடுங்கள். உளுந்து எந்த ரகம், அரிசி எந்த அரிசி என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், கிராம் மட்டும் இருந்தால் பத்தாது.